கையில் ஒட்டிய மருந்து

நம் சங்க மலரின் ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. "கவிதையோ கதையோ எது வேண்டுமானாலும் கொடு, ஆனால் பொங்கலுக்கு முன் கொடு" என்றார். கவிதை எனக்கு வராது. கதை எழுதலாம் என்று உட்கார்ந்தால், கதாநாயகன் இரண்டாம் பக்கத்திலேயே சோதனைக்குழாயைக் கையில் எடுத்து விடுகிறான். ஆகவே நான் அறிந்த விஷயம் ஒன்றையே, எனக்கு நேர்ந்தபடி எழுதிவிடுவது என்று துணிந்தேன். இதில் என்னுடைய அவமானம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. நண்பர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் விடுதி உணவறையில் சத்தமாகச் சிரிக்க வேண்டாம்.

நான் இத்தலைநகரில் எம்.எஸ்ஸி. ரசாயனம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டது தடயவியல் ரசாயனம். அதிலும் வெடிமருந்துகளை இனங்காணும் பகுதி. ஒரு குண்டு வெடித்த இடத்தில் கிடக்கும் மண்ணையும் துணியையும் இரும்புத் துண்டையும் கொண்டுவந்து, அங்கே வெடித்தது இன்ன மருந்து என்று சொல்வதும், ஒருவன் கையைத் துடைத்த பஞ்சை ஆராய்ந்து அவன் அதைத் தொட்டானா என்று சொல்வதும் இதன் வேலை. வட இந்திய நண்பர்களிடம் "என் ஊர் சிவகாசிப் பக்கம்" என்று சொன்னால் உடனே, "ஓ, அதனால்தானா!" என்கிறார்கள். ஆம், அதனால்தான். ஆனால் அவர்கள் நினைக்கிற காரணம் வேறு.

என் தகப்பனார் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குபவர். வெயில் ஏறுவதற்கு முன் கலவை வேலை முடிந்துவிட வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் புறப்பட்டுப் போவார். மாலையில் திரும்பும்போது முகம், கை, காது மடல் எல்லாம் வெள்ளிப் பூச்சாக மின்னும். அலுமினியப் பவுடர்! சிறு பிள்ளையாக இருந்தபோது, கோயிலில் வெள்ளிக் கவசம் சாத்திய சாமியைப் பார்த்து, "அப்பா மாதிரி இருக்குது" என்று சொல்லி அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். பொட்டிலுப்பு, கந்தகம், கரி, பச்சை உப்பு என்கிற பெயர்களெல்லாம் எங்கள் வீட்டில் அரிசி பருப்பைப் போலப் புழங்கியவை. பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட் என்று பிளஸ் டூ வகுப்பில் தெரிந்துகொண்டபோது, தெருவில் தினம் பார்க்கும் ஒருவருக்குப் பெரிய பட்டம் இருப்பதை அறிந்ததுபோல் வியந்தேன். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்களைத் தடை செய்தபோது, அந்தப் பெரிய பட்டக்காரர் எங்கள் தெருவையே ஒரு வருஷம் பட்டினி போட்டார். அது வேறு கதை.

என் சித்தப்பாவும் அதே வேலையில்தான் இருந்தார். நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சமயம், எங்களுக்கு நாலைந்து மைல் தள்ளி ஒரு கிராமத்தில் இரு தரப்பாருக்குள் தகராறு மூண்டு, நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றிரவு அவ்வழியாக வந்த பஸ்களையெல்லாம் நிறுத்திச் சோதித்தார்கள். இரண்டாவது ஷிப்டு முடிந்து வந்த சித்தப்பாவின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்கள். கந்தக வாடை, விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கில் வெள்ளி. இறக்கிக் கூட்டிப்போய் விட்டார்கள். மறுநாள் பிற்பகல், ஆலையின் போர்மேன் வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், "இவர் ராத்திரி வரைக்கும் எங்க இடத்துலதாங்க இருந்தாரு" என்று கையெழுத்தைக் காட்டிய பிறகே விட்டார்கள். அடித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் பஸ் ஏறுமுன் ஆலைக் குழாயடியில் நின்று எலுமிச்சம்பழத் தோலால் இரு கைகளையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார். பஸ் போய்விடும், அடுத்த பஸ்ஸில் வருவார். சித்தி வாரத்துக்கு ஒருமுறை எலுமிச்சம்பழம் வாங்கிவைப்பாள், ஊறுகாய்க்கென்று ஊரார் நினைத்தார்கள்.

ஒரு கை எதைத் தொட்டது என்று கண்டுபிடிக்க மூக்கைவிட நல்ல கருவி ஏதேனும் உண்டா என்ற கேள்வி என் மனத்தில் விழுந்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தவர் ரசாயனம் கற்க வடக்கே வருவது புதிதன்று. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போனார்கள். திரும்பிவந்து அவர்கள் தொடங்கியதுதான் பிறகு பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் பெருகி எங்கள் ஊரை ஊராக்கியது. அவர்கள் நெருப்பை உண்டாக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். நானோ நெருப்பு அணைந்த பிறகு சாம்பலைக் கிளற வந்திருக்கிறேன்.

இனி என் அவமானத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆகஸ்டு மாதம். கோடை விடுமுறை கழிந்து வந்து நடந்த முதல் செய்முறை வகுப்பு. எங்கள் பேராசிரியை வங்காளத்தவர். ஒல்லியான உருவம், மெல்லிய குரல், குரலுக்குச் சற்றும் பொருந்தாத கண்டிப்பு. அன்றைக்குக் கொடுத்த வேலை மிகவும் எளியது. இரண்டு குப்பிகளில் அவரே தயாரித்து வைத்த பஞ்சுகள், ஏ என்றும் சி என்றும் குறியிட்டவை. பி என்பதை நாங்களே எடுக்க வேண்டும். வாலைவடிநீரில் நனைத்த பஞ்சால், ஆய்வுக்கூட உதவியாளரான பெரியவரின் உள்ளங்கைகளைத் துடைத்து எடுப்பது. பெரியவர் பீகாரைச் சேர்ந்தவர்; ஓய்வுபெற இரண்டு வருஷமே பாக்கி. அன்று காலை சோப்பினால் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். நாலாவதாக, எதையும் தொடாத சுத்தமான பஞ்சு ஒன்றை அதே நீரில் நனைத்து, அதே மருந்தை அதன்மேலும் விட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பிளாங்க் என்பார்கள். நான் வெறுஞ்சோதனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மருந்து, கடுங்கந்தக அமிலத்தில் கரைத்த டைபினைல் அமீன். வெள்ளைப் பீங்கான் குழித்தட்டில் பஞ்சின் சாற்றை ஒரு சொட்டு விட்டு, இதில் ஒரு சொட்டுச் சேர்த்தால், நைட்ரேட் இருக்குமானால் கருநீலம் பிறக்கும். மயில் கழுத்து நீலம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத நிறம்.

ஏ: நீலம். சி: நிறமில்லை. பி: நீலம், சற்று வெளிறிய, ஆனால் ஐயமற்ற நீலம்!

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேராசிரியை ஏதோ தந்திரம் செய்து பெரியவர் கையில் மருந்தைத் தடவியிருக்கிறார், மற்றவர்கள் கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். நோட்டுப் புத்தகத்தில், "பி: நைட்ரேட் உண்டு. இக்கைகள் வெடிமருந்து வகைப் பொருளைத் தொட்டுள்ளன" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பெரியவர் எட்டிப் பார்த்து, என்ன எழுதினாய் என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்து, "அப்படியானால் எனக்கு எத்தனை வருஷம், பேட்டா?" என்றார்.

பேராசிரியை வந்து நோட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "உன் பிளாங்க் எங்கே?" என்றார்.

செய்யவில்லை. நேரம் குறைவு, பஞ்சு வெறும் பஞ்சுதானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். "செய்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து நனைத்துச் செய்தேன்.

நீலம்.

என்னைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். காது சூடேறுவது எனக்கே தெரிந்தது. "இப்போது மேசைமேல் உள்ள உருளையிலிருந்து புதுப் பஞ்சு எடுத்துச் செய்" என்றார். செய்தேன், நிறமில்லை. "புதுப் பஞ்சால் அவர் கையை மறுபடியும் துடை." துடைத்தேன்; நிறமில்லை. பெரியவர் கையில் ஒன்றும் இல்லை. பஞ்சை முன்கூட்டியே உருட்டிக் கைக்கெட்டும்படி என் வெள்ளை அங்கியின் பையில் போட்டு வைத்திருந்தேன். குற்றவாளி அந்தப் பைதான்.

அங்கியின் பைக்குள் அது எப்படி வந்தது? அன்றிரவு விடுதிக் கட்டிலில் படுத்து யோசித்தபோதுதான் விளங்கிற்று. ஊரிலிருந்து புறப்பட்ட மாலை, அப்பா ஆலையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப வந்தார். என் பையின் ஜிப் பாதியில் பிய்ந்திருந்தது. அம்மா துவைத்துத் தேய்த்து மடித்துவைத்த வெள்ளை அங்கி வெளியே தெரிந்தது. "அழுக்காயிரும்யா, வெள்ளத் துணி" என்று சொல்லித் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, அதில் அங்கியைச் சுற்றிப் பொட்டலமாக முடிந்து உள்ளே வைத்தார். மதுரையில் ரயிலேறி, இரண்டு இரவுகள் தாண்டி, அந்தத் துண்டோடு அங்கி டில்லிக்கு வந்து சேர்ந்தது. துண்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். அங்கியை அப்படியே மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

இதை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்தத் துண்டை அவர் இனித் தோளில் போடமாட்டார்.

மறுநாள் பேராசிரியை என்னைத் தம் அறைக்கு அழைத்தார். திட்டப்போகிறார் என்று போனால், மூன்று வழக்குகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, படித்துவிட்டு வா என்றார். நூலகத்தில் ஒரு வாரம் அவற்றோடு கழிந்தது. துப்பறியும் நாவல் படிக்கிற நண்பர்களுக்குச் சொல்கிறேன்: எந்த நாவலிலும் இவ்வளவு இல்லை.

முதலாவது பழையது. 1859இல் இங்கிலாந்தில் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற வைத்தியர், ஒரு பெண்ணுக்கு விஷம் வைத்துக் கொன்றதாகப் பிடிபட்டார். அக்காலத்தில் விஷ ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெற்றிருந்த ஆல்பிரட் ஸ்வெய்ன் டெய்லர், ஒரு புட்டியிலிருந்த மருந்தைச் செப்புவலையிட்டுச் சோதித்து ஆர்சனிக் இருப்பதாகச் சொன்னார். பிறகு பார்த்தால், அந்தப் புட்டியில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். அது செம்பைக் கரைத்தது. செம்புக்குள்ளேயே கலந்திருந்த ஆர்சனிக் வெளிவந்தது. விஷம் புட்டியில் இல்லை, பரிசோதகரின் செப்பு வலையில் இருந்தது! டெய்லர் தம் தவறை ஒப்புக்கொண்டார். அப்படியும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்தான் மன்னிப்புக் கிடைத்தது. பொட்டாசியம் குளோரேட் என்றதும் எனக்கு ஊர் நினைவு வந்தது. தீக்குச்சித் தலையில் இருப்பது அதுதான்.

இரண்டாவது, பர்மிங்ஹாம் நகரத்து வழக்கு. 1974 நவம்பர் 21 இரவு அங்கே இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அதே இரவு, ஒரு சாவுக்காகப் பெல்பாஸ்ட் போகக் கப்பலேற ரயிலில் போய்க்கொண்டிருந்த ஐந்து ஐரிஷ்காரர்கள் பிடிபட்டார்கள், ஆறாமவர் பிறகு. பிராங்க் ஸ்கூஸ் என்ற அரசாங்க நிபுணர் ஐவரின் கைகளையும் துடைத்துச் சோதித்து, இருவர் கையில் நைட்ரோகிளிசரின் பட்டிருப்பது 99 சதவீதம் உறுதி என்றார்.

அவர் செய்தது கிரீஸ் சோதனை. கிரீஸ் என்பது நாட்டின் பெயரன்று. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர், இங்கிலாந்தில் ஒரு பீர் வடிப்பாலையில் ரசாயனராக வேலை பார்த்துக்கொண்டே சாயப்பொருள்களின் ரசாயனத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தவர். நைட்ரைட் இருந்தால் அவர் மருந்து சிவக்கும். குடிநீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஒரு பட்டைக் காகிதத்தை நனைத்துப் பார்ப்பதற்கும் இன்றும் இதே தத்துவம்தான். நைட்ரோகிளிசரினைக் காரத்தோடு சேர்த்தால் நைட்ரைட் வரும், ஆகவே சிவக்கும். ஆனால் காரத்தில் நைட்ரைட் தருவது அது ஒன்றுதானா? நைட்ரோசெல்லுலோஸ் என்பதும் தரும். அது மெருகு எண்ணெயிலும் வழவழப்புப் பூச்சிலும் பழைய சீட்டுக்கட்டிலும் இருப்பது. அந்த ஐவரும் ரயிலில் பொழுதுபோகச் சீட்டாடிக்கொண்டு போயிருந்தார்கள்!

வழக்கின்போதே ஹியூ பிளாக் என்ற வெடிமருந்து அதிகாரி, இவ்வாறு வேறு பொருள்களும் சிவப்புத் தரக்கூடும் என்று சாட்சி சொன்னார். நீதிபதி ஸ்கூஸையே நம்பினார். 1975இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை. போலீசில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ரசாயனத்தின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு மரியாதை கொடுத்தது அந்தச் சிவப்பு நிறம். 1985இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வேறு நிபுணர்களைக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்துகாட்டியபோது, சீட்டுக்கட்டைத் தொட்ட கையும் சிவந்தது. அறுவரும் வெளியே வந்த நாள் 1991 மார்ச் 14. பதினாறு ஆண்டுகள்!

மூன்றாவது, மக்வயர் குடும்பத்தின் வழக்கு. லண்டனில் குடியிருந்த ஒரு தாய், தகப்பன், பிள்ளைகள் இருவர், உறவினர், நண்பர் என ஏழு பேர். 1976இல் நைட்ரோகிளிசரின் வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றார்கள். கடைசிப் பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தபோது வயது 14. கைகளைத் துடைத்த பஞ்சும், தாயின் கையுறைகளும்தான் சாட்சி. வீட்டில் ஒரு துளி மருந்தும் அகப்படவில்லை.

இங்கே செய்தது வேறு முறை. மையில் நனைத்த சாக்குக்கட்டியை நீரில் நிறுத்தினால் நிறங்கள் பிரிந்து ஏறுவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, மாவு பூசிய கண்ணாடித் தகட்டில் சாற்றைப் பொட்டாக இட்டு, திரவத்தை ஏறவிட்டு, எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. நைட்ரோகிளிசரின் நிற்கும் உயரத்திலேயே, அவர்கள் உபயோகித்த டொலுயீனில், பி.இ.டி.என். என்ற இன்னொரு பொருளும் நிற்கும் என்பது பிறகு தெரியவந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவரை ஒருவர் என்று சொன்னதுபோல! மாதிரி அனைத்தும் அந்த ஒரு சோதனையிலேயே செலவாகிவிட்டதால் இன்னொரு முறையால் உறுதிசெய்யவும் வழியில்லை. 1990இல் நீதிபதி மே அவர்களின் விசாரணை அறிக்கையும், 1991 ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் வந்தன. குற்றமற்ற வழியில் மருந்து கையில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலவில்லை, ஆகவே தண்டனைகள் செல்லாது என்றார்கள். அந்தக் குற்றமற்ற வழிகளில் ஒன்றாகப் பேசப்பட்டது என்ன தெரியுமா? எல்லோரும் கைதுடைத்த ஒரே துண்டு.

அந்த வரியைப் படித்தபோது நூலகத்தில் மணி ஆறு. நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அப்பாவின் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேரில் ஒருவரான ஜுசெப்பி கான்லன், தீர்ப்பு மாறுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1980இல், கைதியாகவே இறந்துபோனார்.

இவ்வளவும் எழுதியதால், இந்த விஞ்ஞானமே பொய் என்று யாரும் எண்ணிவிடலாகாது. நானே இதில்தான் பிழைக்கப்போகிறேன்! வெடிமருந்து முழுவதும் எரிந்து மறைவதில்லை. நுண்ணிய அளவேனும் சுற்றுப்புறத்தில் ஒட்டி எஞ்சுகிறது. கரிமப் பொருள்களை அசிட்டோன் போன்ற திரவத்திலும், உப்புக்களை நீரிலும் பிரித்தெடுத்து, நிறச்சோதனையில் முதலில் திசை பார்த்து, பிறகு வாயு நிலையிலோ திரவ நிலையிலோ பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, நிறைமாலைக் கருவியில் மூலக்கூறுகளை உடைத்து, அந்தத் துண்டுகளின் எடையைக்கொண்டு இனங்காண்கிறார்கள். மூலக்கூறு உடையும் விதம் ஏறக்குறைய ஆளின் ரேகை மாதிரி. நிறச்சோதனை, "யாரோ கதவைத் தட்டினார்கள்" என்று மட்டும் சொல்லும். வந்தவர் யார் என்று சொல்ல இந்தக் கருவி வேண்டும்.

தவிர, எல்லாப் பொருளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. நைட்ரேட் எங்கும் உண்டு: உர மூட்டையில், வயல் மண்ணில், சிறுநீரில், பட்டாசில். ஆர்.டி.எக்ஸ். என்பது அப்படியன்று, இயற்கையில் கிடையாது, கடையில் கிடையாது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், தமிழ்நாடு தடயவியல் துறையின் அந்நாளைய இயக்குநர் பி. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் பொறுக்கியெடுத்த சிதறல்களில் ஆர்.டி.எக்ஸ். கண்டறியப்பட்டது வழக்கின் போக்கையே காட்டியது. நம்மவர் செய்த வேலை என்று இங்கே வகுப்பில் தலை நிமிர்ந்து சொல்வேன். அதுவும், பர்மிங்ஹாம் கைதிகள் வெளியேறி மூன்று மாதம்கூட ஆகாத காலம்.

ஆனால் ஆர்.டி.எக்ஸ்.ஸும் துண்டில் ஒட்டும். 1996இல் பிரிட்டனின் வெடிமருந்து ஆய்வுக்கூடத்திலேயே ஒரு சுழற்பொறியில் ஆர்.டி.எக்ஸ். கறை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அதில் போட்ட மாதிரிகளின் வழக்குகளையெல்லாம் மறுபார்வை பார்க்கப் பேராசிரியர் கேடி என்பவரை நியமித்தார்கள். ஆகவேதான் நுண்தடயம் பார்க்கும் கூடத்தையும், மருந்தை மொத்தமாகக் கையாளும் கூடத்தையும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வைக்கிறார்கள். மேசை, கதவுக் குமிழ் முதலியவற்றை அடிக்கடி துடைத்து, தங்களையே சோதித்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. அரசாங்க ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை, அவரை நேரில் கூப்பிடாமலே கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு அப்படிச் சொல்லிற்று. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 329ஆம் பிரிவும் அப்படியே. வேலைப் பளுவை நினைத்தால் வேண்டியதுதான். ஆனால் என் நோட்டில் எழுதிய அந்த ஒரு வரியும் அப்படி ஓர் அறிக்கையாக, கையெழுத்தும் முத்திரையுமாகப் போயிருக்குமானால், அதற்கு எதிரே பெரியவர் தம் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு என்ன சொல்லியிருப்பார்?

தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனேன். சித்தப்பா இப்போது மருந்து அறையில் இல்லை. பார்வை மங்கியதால் பெட்டி கட்டும் பகுதிக்கு மாறிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் மட்டும் துண்டுக் கதையைச் சொன்னேன். மக்வயர் குடும்பத்தையும் சொன்னேன். பதினாலு வயதுப் பையன் என்றதும், "அடப் பாவிகளா" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரிய்யா, ஒனக்கு அந்தம்மா இருந்தாக, வெறுஞ்சோதன செய்யின்னாக. எங் கைக்கு வெறுஞ்சோதன எதுய்யா? யாரு கைய வச்சுப் பாப்ப?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். எம்.எஸ்ஸி. வகுப்பில் எவரும் கேட்காத கேள்வி! பஞ்சுக்கு வெறுஞ்சோதனை உண்டு, நீருக்கு உண்டு, அங்கிக்கு உண்டு. ஓர் ஊருக்கு? சிவகாசியில் ஒரு பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர், டீச்சர், பட்டாசு ஆலையில் கால்வைக்காத எவரையேனும் எடுத்துக் கையைத் துடைத்தால் எவ்வளவு நைட்ரேட் வரும் என்று தெரியாமல், ஒருவர் கையில் நைட்ரேட் இருக்கிறது என்று சொல்வதற்கு என்ன பொருள்?

திரும்பிவந்து பேராசிரியையிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னை முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். 1990களில் பிரிட்டனில் இப்படியே பஸ், டாக்சி, விமான நிலையம் முதலிய பொது இடங்களைத் துடைத்துப் பார்த்து, உயர்ரக வெடிமருந்துகளின் சுவடு அங்கெல்லாம் மிக அபூர்வம் என்று கண்டு வெளியிட்ட கட்டுரையை எடுத்துத் தந்தார். "இது அவர்கள் ஊர். உன் ஊரை நீ செய்" என்றார். கடைசிப் பருவத்து ஆராய்ச்சித் திட்டமாக அதையே எழுதிக் கொடுத்து, துறையில் அனுமதியும் வாங்கிவிட்டேன். நைட்ரேட்டு மட்டுமல்ல, பெர்குளோரேட், பேரியம், அலுமினியம் எல்லாவற்றையும் பார்ப்பதாக உத்தேசம். கைகொடுப்பவர்களின் பெயரை எழுதுவதில்லை, எண் மட்டும். பஞ்சு உருளை புதிது, கையுறை புதிது, அங்கியும் புதிதாக ஒன்று தைத்து, உறைபிரிக்காமல் கொண்டுபோகிறேன். அப்பா பஸ் நிலையத்துக்கு வந்தால் பையைத் தொடவிடாமல் எப்படித் தடுப்பது என்பதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பொங்கல் கழிந்து வருகிறேன், முதல் கை உங்களுடையது என்றேன். ஆலைத் தொழிலாளர் கைகளும் ஒப்பிட வேண்டுமல்லவா? சந்தோஷந்தான் அவருக்கு. வைக்கப்போகும் சமயத்தில், "இருய்யா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கைய எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிட்டு வரணுமா, கழுவாம வரணுமா?"

இரண்டும் வேண்டும், சித்தப்பா என்றேன்.